டார்டரி பக்வீட்டா, கேழ்வரகா, சாமையா? காட்டுக்கு ஒரு கணக்கு, தட்டுக்கு ஒரு கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேட்டுக்காடு வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்று: “ராகியை விட்டுட்டு டார்டரி பக்வீட் போட்டா நல்ல விலைக்குப் போகும்கிறாங்களே, போடலாமா?” தருமபுரி டவுனில் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் கேட்பது இன்னொன்று: “அந்த மாவை வாங்கிக் களி கிண்டினால் சர்க்கரை இறங்குமா?”

இரண்டு கேள்வியும் போய் முட்டுவது ருட்டின் என்ற ஒரே பொருளில். உடம்புக்கு நல்லது என்று பேசப்படும் ஒரு தாவரப் பொருள் அது. டார்டரி மணியில் அது ஏராளமாக இருப்பது உண்மை. அந்த மணி மில்லுக்குப் போய், மாவாகி, தண்ணீரில் குழைந்து, தட்டுக்கு வரும்போது அதில் எவ்வளவு மிஞ்சுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அதைச் சுற்றியே போகிறது.

## முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும்

பக்வீட் என்ற பெயரில் ‘வீட்’ இருந்தாலும் கோதுமைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புல் இனமே அல்ல. நம் சுக்கான்கீரையின் குடும்பம். சுக்கான்கீரை விதையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று முனை மணி அந்நியமாகத் தெரியாது.

இதில் பயிரிடப்படுவது இரண்டு வகை. வடக்கே நவராத்திரி விரதத்துக்கு வாங்கும் குட்டு மாவு பெரும்பாலும் சாதாரண பக்வீட். அதன் மணி வழவழப்பாக, ஓரம் கூராக இருக்கும். பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. டார்டரி மணி அதைவிடச் சின்னது, சாம்பல் படிந்த நிறம், பக்கங்களில் பள்ளம் ஓடும், ஓரம் மழுங்கி அலைபோல் நெளிந்திருக்கும். பூ பச்சை கலந்த வெள்ளை, கண்ணை உறுத்தாத அளவுக்குச் சின்னது. குமாவுன், இமாசலப் பக்கம் சாதாரண வகையை ஓக்லா என்றும் டார்டரியைப் பாபர் என்றும் பிரித்தே சொல்கிறார்கள். சீனர்கள் டார்டரிக்கு வைத்த பெயருக்கே கசப்பு பக்வீட் என்றுதான் பொருள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? டார்டரி மணியில் ருட்டின் உலர் எடையில் ஏறத்தாழ 0.8 முதல் 1.7 சதவீதம் வரை போகும். சாதாரண பக்வீட்டில் 0.01 சதவீதம் என்ற அளவுதான். டார்டரியை வைத்துச் செய்த ஆய்வின் முடிவைப் பொட்டலத்தில் அச்சடித்து உள்ளே குட்டு மாவை நிரப்பி விற்றால், நீங்கள் வாங்குவது நூறில் ஒரு பங்கு சரக்கு.

வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஒரு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துக் கால் மணி நேரம் வையுங்கள். டார்டரி என்றால் மாவு மஞ்சள் தட்டும்; நாக்கில் வைத்தால் கசப்பு பிடித்துக்கொள்ளும். குட்டு மாவு சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். முன்பே ஆவியில் வேகவைத்து அரைத்த டார்டரி மாவாக இருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. அதனால் விற்பவரிடம் ‘வேகவைத்ததா, பச்சையா’ என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கே பதில் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

## எதை வைத்து அளக்கிறோம்

காட்டுக்கு ஐந்து: பூக்கும் நாளில் வெயில் தாங்குமா, விதை கைக்கு எட்டுமா, ஏக்கருக்கு என்ன வரும், யார் வாங்குவார்கள், மாட்டுக்கு என்ன மிஞ்சும். தட்டுக்கு மூன்று: மனிதர்களிடம் சோதித்த ஆதாரம் என்ன, நம் சமையல் முறையில் சத்து தங்குமா, யாருக்குத் தொல்லை தரும்.

| | டார்டரி | சாதாரண பக்வீட் | கேழ்வரகு | சாமை |
|---|---|---|---|---|
| வயது (நாள்) | 80–100 | 70–90 | 100–120 | 85–95 |
| விதை, ஏக்கருக்கு | சுமார் 15 கிலோ | சுமார் 15 கிலோ | நேரடி விதைப்பு 4–6 கிலோ | 4–5 கிலோ |
| நல்ல பராமரிப்பில் விளைச்சல், ஏக்கருக்கு | 3–5 குவிண்டால் | 3–4 குவிண்டால் | மானாவாரியில் 8–10 குவிண்டால் | 4–6 குவிண்டால் |
| பூக்கும்போது 30 டிகிரிக்கு மேல் | மணி பிடிக்காது | மணி பிடிக்காது | தாங்கும் | தாங்கும் |
| மகரந்தச் சேர்க்கை | தானே நடக்கும் | தேனீ வேண்டும் | தானே நடக்கும் | தானே நடக்கும் |
| அரசு ஆதரவு விலை | இல்லை | இல்லை | உண்டு | இல்லை |
| தாள் | தீவனத்துக்கு ஆகாது | ஆகாது | முதல்தரம் | பரவாயில்லை |
| தோல் நீக்கம் | மிகக் கடினம் | நடுத்தரம் | தேவையில்லை | இயந்திரம் வேண்டும் |
| தட்டில் பலம் | ருட்டின் | குளூட்டன் (கோதுமைப் புரதம்) இல்லாத மாவு | கால்சியம் | அரிசிக்கு நேர் மாற்று |

## டார்டரி பக்வீட்

ஆய்வு சொல்வது. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் உண்டு, ஆனால் சிறியவை. ஸ்வீடனில் குழந்தைகள் காப்பகங்களில் வேலை செய்யும் 62 பெண்களுக்கு டார்டரி பிஸ்கட்டும் சாதாரண பக்வீட் பிஸ்கட்டும் மாற்றி மாற்றி இரண்டு வாரம் கொடுத்த ஆய்வு 2011-ல் வெளியானது. டார்டரி பிஸ்கட்டில் நாளுக்கு ருட்டின் கணக்கில் சுமார் 360 மில்லிகிராம். மற்றதில் 16 சொச்சம். உடலில் அழற்சியைக் காட்டும் ஒரு நொதியின் அளவு டார்டரி சாப்பிட்டபோது குறைந்தது. கொலஸ்ட்ரால் இரண்டு பிஸ்கட்டிலுமே குறைந்தது. அப்படியானால் கொலஸ்ட்ரால் இறங்கிய பெருமையை முழுவதும் ருட்டினுக்கு எழுதிவைக்க முடியாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு நேரடியாகப் பொருந்துவது 2016-ல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு. இரண்டாம் வகை சர்க்கரை உள்ள 165 பேர், நான்கு வாரம். ஒரு சாராருக்கு அன்றாட முதன்மை உணவில் ஒரு பகுதிக்குப் பதில் டார்டரி. வெறும் வயிற்று இன்சுலின், மொத்தக் கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால் மூன்றும் இறங்கின. இரத்தச் சர்க்கரையிலும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். நியாயமாகச் சொன்னால், நான்கு வாரம் என்பது எச்பிஏ1சி அசைந்து காட்டப் போதாத காலம். ஆகவே ‘பயனில்லை என்று நிரூபணமாகிவிட்டது’ என்றும் சொல்ல முடியாது. ‘சர்க்கரையை இறக்கும்’ என்று சொல்வதற்கும் இடமில்லை.

அடுப்பில் நடப்பது. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். டார்டரி மணிக்குள் ருட்டின் ஓரிடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. மணி முழுசாக இருக்கும்வரை இரண்டும் சேராது. அரைத்துத் தண்ணீர் விட்டதும் சேர்ந்துவிடும். நிமிடக் கணக்கில் ருட்டின் உடைந்து க்வெர்சிடின் என்ற இன்னொரு தாவரப் பொருளாக மாறும். மாவு மஞ்சளாவதும் கசப்பு ஏறுவதும் இதனால்தான். க்வெர்சிடின் வீணான சரக்கு அல்ல. ஆனால் ‘ருட்டின் நிறைந்தது’ என்று காசு கொடுத்து வாங்கியவர், வாயில் வைக்க முடியாத கசப்போடு வேறொரு பொருளைச் சாப்பிடுகிறார். ஜப்பானில் இந்த நொதி மிகக் குறைந்த மன்டென்-கிராரி என்ற ரகத்தை உருவாக்கியதே இதற்காகத்தான்.

நம் ஊர்ச் சமையலோடு பொருத்திப் பாருங்கள். முந்தின நாள் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழ், இரவு முழுக்கப் பொங்கும் தோசை மாவு இரண்டும் டார்டரிக்குச் சுத்தமாக ஆகாத முறைகள். களி முறை ஓரளவு ஒத்துவரும், காரணம் மாவு நேராகக் கொதியில் விழுகிறது. ஆனாலும் குவியலின் நடுவில் சூடு ஏறும்வரை நொதி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நம்பகமான வழி, நாம் நெல்லுக்குச் செய்யும் புழுக்கல்தான்:

1. மணியைச் சட்டென்று அலசி வடியுங்கள். களத்தில் உடைந்த மணியும் குருணையும் கலந்திருந்தால் முன்பே புடைத்து நீக்கிவிடுங்கள். உடைந்த மணி நனைந்தாலே கசக்கும்.
2. இட்லிப் பானையில் துணி விரித்து, ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி 20 நிமிடம் ஆவியில் வையுங்கள். தடிமனாகக் கொட்டினால் நடுவில் வேகாது.
3. நிழலில் இரண்டு நாள், பல்லில் கடித்தால் ‘டக்’ என்று உடையும்வரை காயவையுங்கள். ஈரம் இருந்தால் மில்லில் கல்லில் அப்பிக்கொள்ளும், மாவும் பூசணம் பிடிக்கும்.
4. அரைத்துச் சலித்துக் கருப்புத் தோலை நீக்குங்கள். ஒரு முறைக்கு ஒரு மாதத் தேவைக்கு மேல் அரைக்க வேண்டாம்.

மாவாக்கிய பிறகு வாணலியில் வறுப்பது இதற்கு ஈடாகாது. உலர்ந்த சூட்டில் அந்த நொதி அவ்வளவு எளிதில் சாகாது.

களிக்கு மூன்று பங்கு கேழ்வரகு மாவுக்கு ஒரு பங்கு டார்டரி போதும். நொய் வெந்த உலை தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் கரைக்காமல் உலர்ந்தபடியே நடுவில் குவித்துக் கொட்டி, களிக்கோலால் ஒரு குழி விட்டு, மூடி, தீயைத் தணித்து 7–8 நிமிடம் கழித்துக் கிண்டுங்கள். ஒரு சதவீதம் ருட்டின் உள்ள மாவு 36 கிராம் சேர்ந்தால் ஸ்வீடன் ஆய்வில் கொடுத்த 360 மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். அதற்கு மேல் கொட்டுவதால் கசப்புதான் கூடும்.

டார்டரி டீ என்று வறுத்த மணியை விற்கிறார்கள். ருட்டின் பச்சைத் தண்ணீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை: ஒரு கிராம் கரைய 8 லிட்டர் வேண்டும், கொதிக்கும் நீரானால் 200 மில்லி போதும். ஆகவே குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பது வாசனைக்கு மட்டும். கொதிநீரில் போட்டு, அடியில் தங்கும் மணியையும் மென்று தின்றால்தான் காசுக்குப் பொருள் உண்டு.

காட்டில் நடப்பது. இது சீனத்தின் சிச்சுவான், யுன்னான், குய்சோ மலைகளிலும் இமயமலைச் சரிவிலும் விளைகிற குளிர்காட்டுப் பயிர். பூக்கும்போது 30 டிகிரியைத் தாண்டினால் பூ கருகி உதிரும், மணி பிடிக்காது. உறைபனியும் தாங்காது, ஆனால் அது நமக்குக் கவலையில்லை. சுமார் 460 மீட்டர் உயரத்தில் இருக்கும் தருமபுரிச் சமவெளியில் ஆடிப்பட்டத்தில் இதை விதைப்பது வீண். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம் சுமார் 900 மீட்டர். பெட்டமுகிலாளம், வத்தல்மலை, சித்தேரிப் பக்கம் அதற்கும் மேலே. அங்கே புரட்டாசியில் விதைத்தால் 30–35 நாளில் பூக்கத் தொடங்கி, ஐப்பசி–கார்த்திகைக் குளிர்ச்சியில் மணி பிடித்து, மார்கழியில் அறுவடைக்கு வரும். தோதான காலம் அது ஒன்றுதான். அந்தக் காலத்துக்கும் ஒரு வில்லங்கம் உண்டு: ஐப்பசி மழை. இந்தப் பயிரின் தண்டு உள்ளே பொள்ளல். வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மஞ்சளாகும், காற்றடித்தால் படுத்துவிடும். சரிவான, தண்ணீர் வடியும் செம்மண் தவிர வேறெங்கும் போட வேண்டாம்.

வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், ஆழம் 3–4 சென்டிமீட்டர். ஏக்கருக்கு 16 கிலோ தழைச்சத்துக்கு மேல் போனால் இலை செழித்துப் பயிர் சாயும். ராகிக்குப் போடுகிற கையளவில் யூரியாவை இதற்கும் வீசுவது அடிக்கடி நடக்கும் தவறு. செடி ஒரே நேரத்தில் முற்றாது. கீழே மணி கறுத்திருக்க மேலே பூ இருக்கும். முக்கால் பங்கு மணி கறுத்ததும் விடியற்காலைப் பனி ஈரத்தில் அறுக்க வேண்டும். வெயில் ஏறினால் கையில் பிடித்த பிடியிலேயே உதிரும். உதிர்ந்தது சும்மா கிடக்காது, அடுத்த பட்டத்து ராகியில் களையாக முளைக்கும். கனடாவில் தானிய வயல்களில் இதைக் களைச்செடியாகவே பார்க்கிறார்கள்.

கண்ணில் படாத செலவுகள். இவைதான் முடிவை மாற்றும்.

விதை உள்ளூரில் இல்லை. ஹிம்பிரியா போன்ற ரகங்கள் இமாசல உயர்மலைக்காக வெளியிட்டவை. அங்கிருந்து வரவழைத்த விதை நம் அட்சரேகையில், நம் பகல் நீளத்தில் அதே வயதில் முற்றும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மில். டார்டரித் தோல் பருப்போடு ஒட்டியே இருக்கும். சாமை உடைக்கும் இயந்திரத்தில் விட்டால் தோலும் பருப்பும் சேர்ந்தே நொறுங்கும். தோல் மெலிந்த ‘அரிசி டார்டரி’ வகைகள் சீனம், நேபாளப் பக்கம் உண்டு. 2017-ல் இந்தப் பயிரின் முழு மரபணுத்தொகுதி வெளியான பிறகு அந்தக் குணத்தை நல்ல ரகங்களுக்குக் கொண்டுவரும் வேலை வேகம் பிடித்திருக்கிறது. இன்றைக்கு நம் கைக்கு வருவது மணியாக அரைத்துச் சலித்த மாவுதான்.

மாடு. கிருஷ்ணகிரிப் பக்கம் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்வீட்டின் இலை, பூ, தண்டில் ஃபேகோபைரின் என்ற பொருள் இருக்கிறது. அதை அதிகம் தின்ற மாடு, ஆட்டின் வெளுத்த தோல் வெயிலில் வெந்ததுபோல் சிவந்து, நீர் கோத்து உரியும். கருப்பு–வெள்ளைக் கலப்பின மாடென்றால் கருப்புத் திட்டு அப்படியே இருக்க, வெள்ளைத் திட்டில் மட்டும் புண் வரும். ஒரு ஏக்கர் ராகியைக் கைவிடும்போது மணி மட்டும் போகவில்லை, ஒரு போர் தீவனமும் போகிறது. இதே காரணத்தால் இளங்கீரையைப் பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்கும் பழக்கத்தையும் தவிருங்கள்.

ஒவ்வாமை. பக்வீட் ஒவ்வாமை சிலருக்கு மூச்சுத்திணறல்வரை கொண்டுபோகும். ஜப்பானில் பொட்டலத்தில் இதைக் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம். நம் ஊர்ப் பொட்டலத்தில் அந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. மில்லில் மாவுத்தூசி சுவாசிப்பவருக்கும் வரலாம். உமி அடைத்த தலையணையாலும் வந்திருக்கிறது. முதல் முறை சாப்பிடுபவர் ஒரு ஸ்பூன் அளவில் தொடங்கட்டும்.

யானை. தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிக் காட்டோரம் ராகி பால் பிடிக்கும்போது யானை இறங்குவது எல்லோருக்கும் தெரியும். ‘கசப்புப் பயிரை யானை தொடாது’ என்று யாராவது சொன்னால், அதை நம்பி ஏக்கர் கணக்கில் விதைக்காதீர்கள்.

எப்போது டார்டரி சரி? 900 மீட்டருக்கு மேல் வடிகால் உள்ள சரிவு நிலம், விதைப்பதற்கு முன்பே எடையும் விலையும் எழுதிக் கையெழுத்தான வாங்குபவர், மாட்டுக்குத் தீவனம் வேறு வழியில் இருப்பது. மூன்றும் சேர்ந்தால் மட்டும். தட்டில் என்றால், கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ளவர், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர், கசப்பைப் பொருட்படுத்தாதவர். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிட நினைப்பவருக்கு எந்த நிலையிலும் சரியல்ல.

## சாதாரண பக்வீட்

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. டார்டரியின் வெயில் பயமும் படுக்கும் குணமும் இதற்கும் உண்டு, ருட்டின் மட்டும் பெயருக்குத்தான். தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. இரண்டு விதப் பூ உள்ள செடிகளுக்கு நடுவே தேனீ பறந்தால்தான் மணி. தேன்பெட்டி வைத்திருப்பவருக்கு அது லாபம். மற்றவருக்கு மழை பெய்து தேனீ வராத வாரத்தில் மொத்தப் பதர். நீலகிரி, பழனி மலைகளில் ஆங்காங்கே சிறிதளவு விளைந்த பயிர் என்பதால் தெற்கே முடியவே முடியாது என்று சொல்வதற்கில்லை.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது பழைய மாவு. பக்வீட் மாவில் கொழுப்பு உண்டு, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஈரம் பட்டால் பூசணம். 2011 ஏப்ரலில் டெல்லியில் நவராத்திரி விரதத்தின்போது குட்டு மாவு சாப்பிட்ட நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அரைத்த தேதி இல்லாத பொட்டலத்தை எடுக்காதீர்கள். குளூட்டன் இல்லாத ரொட்டி மாவு தேவை, கசப்பு வேண்டாம் என்றால் இது சரியான தேர்வு.

## கேழ்வரகு

மாநிலத்திலேயே ராகிக்குப் பெயர்போன பகுதி கிருஷ்ணகிரி, தருமபுரி. காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பையூர் 2, கோ 15, அத்தியந்தல் 1 என்று விதை கேட்டால் கிடைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்திலிருந்து ஜிபியு 28 ரகமும் வருகிறது. எட்டு சாலுக்கு ஒரு சால் மொச்சை விட்டால், மழை ராகியைக் கெடுத்தாலும் மொச்சை கைகொடுக்கும். டார்டரியில் இப்படி ஒரு காப்பு இல்லை.

பணக்கணக்கு நேரடியானது. 2025–26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஏக்கருக்கு 8 குவிண்டால் என்றால் 39,088 ரூபாய். அதே ஏக்கரில் டார்டரி 4 குவிண்டால் வந்தால், சமமாகவே கிலோ 98 ரூபாய்க்குக் களத்திலேயே விற்க வேண்டும். ராகித் தாளின் விலை, வெளியூர் விதை 15 கிலோ, வண்டி வாடகை மூன்றையும் சேருங்கள். உங்கள் ஊர் விலையில் அந்த 98 எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். கடையில் மாவு விற்கும் விலையை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. அதில் தோல், சலிப்பு, பொட்டலம், தரகு எல்லாம் அடக்கம்.

ராகிக்கும் மறைவுச் செலவு உண்டு. கொள்முதல் நிலையம் எல்லா ஊரிலும் இல்லை, சிட்டா–அடங்கலோடு அலைய வேண்டும், ஈரம் கூடினால் திருப்பிவிடுவார்கள். தொடர்மழையில் குலைநோய் கதிரின் கழுத்தில் கருப்பு விழுந்து பாதி கதிரைப் பதராக்கும். தழைச்சத்தைக் குறைத்து, தாங்கும் ரகம் போடுவதே மருந்து. யானைத் தொல்லையைப் பற்றி மேலே சொல்லியாயிற்று.

தட்டில் இதன் பலம் கால்சியம்: 100 கிராமில் 364 மில்லிகிராம். பக்வீட் அதில் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. மாதவிடாய் நின்ற பெண்கள், வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் ராகியை முழுக்க நிறுத்திவிட்டு டார்டரிக்கு மாறுவது கையிலுள்ளதைக் கொட்டிவிட்டு வாங்குவதுதான். புரதம் மட்டும் ராகியில் குறைவு, 7 சதவீதம் சொச்சம். பக்வீட்டில் 10–13, அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் கூடுதல். நம் ஊரில் அந்தக் குறையைக் கொள்ளுச்சாறு எப்போதோ அடைத்துவிட்டது. கொள்ளில் புரதம் 21 சதவீதத்துக்கு மேல்.

சர்க்கரைக்கு ராகி எப்படி? 80 ஆய்வுகளைத் தொகுத்து, இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் 2021-ல் வெளியான அலசலில், சிறுதானியங்களின் சராசரி கிளைசெமிக் குறியீடு (ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதைக் காட்டும் எண்) 52.7, தீட்டிய அரிசி, மைதாவைவிட நன்றாகவே கீழே. ஆனால் அது சராசரி. மைபோல் அரைத்த மாவில் நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி விறுவிறுவென்று சர்க்கரையை ஏற்றும். கெட்டிக் களி, கூடவே கீரையும் கொள்ளும் என்றால் நிதானமாக ஏறும். இரண்டு உருண்டைக்குப் பதில் ஒன்று என்பதும் இதில் அடக்கம்.

2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். அந்த இரண்டு கிலோவைக் கோழிக்குப் போட்டுவிட்டு டார்டரி டீ வாங்கும் வீடுகளைப் பற்றி இங்கே சொல்லாமல் விடுவதே மரியாதை.

## சாமை

சித்தேரி, வத்தல்மலைச் சரிவுகளில் உரம் அதிகம் கேட்காமல் 90 நாளில் வருவது. டார்டரி கேட்கும் அதே சரிவு நிலத்தில் நிஜமான போட்டி இதுதான், ராகி அல்ல. சாமையிலும் பையூர் 2, அத்தியந்தல் 1 என்ற அதே பெயரில் ரகங்கள் உண்டு; இரண்டும் உள்ளூருக்குப் பழகியவை. பட்டம் தள்ளிப்போனால் குருத்து ஈ நடுக்குருத்தை வாட்டும். முன்பட்டத்தில் விதைத்து, விதையைச் சற்றுக் கூட்டிப் போடுங்கள்.

மறைவுச் செலவு உடைப்பில். 100 கிலோ சாமையில் 60–70 கிலோதான் அரிசி. சரியாகப் புடைக்காத சாமையில் கல் நிற்கும். அந்த ஒரு கல்லால் வாடிக்கையாளர் போய்விடுவார். கடையில் வெள்ளைவெளேரென்று இருக்கும் சாமையில் தவிடு முழுக்கப் போய்விட்டது, நார்ச்சத்தும் கூடவே. மங்கிய மஞ்சள் நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். தவிடு இருப்பதால் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்தால் வாடை வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மூன்று வேளையும் சோறு கேட்கும் வீட்டில் மாற்றம் ஒட்டிக்கொள்வது சாமையில்தான். குழம்பும் ரசமும் மாறாமல் சோறு மட்டும் மாறுகிறது. டார்டரி வாங்கி இரண்டு வாரத்தில் அலமாரியில் மறந்துவிடும் வீட்டுக்கு, வாரம் ஐந்து நாள் சாமைச் சோறு எந்த ருட்டினைவிடவும் மேல்.

## போடத்தான் வேண்டும் என்பவருக்கு 5 சென்ட்

2018-ல் மத்திய அரசு சத்துத் தானியம் என்று அறிவித்த பட்டியலில் பக்வீட்டும் உண்டு. அதனால் பேச்சு இனியும் அடங்காது. ஏக்கரில் இறங்குவதற்கு முன் 5 சென்ட்டில் பார்த்துவிடுங்கள்.

முக்கால் கிலோ விதை போதும். பாதியைப் புரட்டாசி முதல் வாரமும் மீதியைக் கடைசி வாரமும் விதையுங்கள். எந்தத் தேதி மழைக்குத் தப்புகிறது என்பது இதில்தான் தெரியும். வரப்போரம் ஆழமான வடிகால் வெட்டுங்கள். ஒரு சாதாரண தெர்மாமீட்டரை நிழலில் தொங்கவிட்டு, பூத்த நாளிலிருந்து மூன்று வாரம் பிற்பகல் 2 மணி வெப்பத்தை ஒரு நோட்டில் குறியுங்கள். 30-ஐத் தாண்டிய நாட்களைத் தனியாக வட்டமிடுங்கள். அறுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு 20 செடியைப் பிடுங்கி மணியை எண்ணுங்கள். நகத்தால் அழுத்தினால் நசுங்குவது பதர். உலர்ந்த மணி ஆயிரத்தை நகைக்கடைத் தராசில் நிறுத்துங்கள். 12 கிராமுக்குக் கீழே போனால் மணி சரியாகப் பிடிக்கவில்லை.

எல்லாம் சரியாக வந்தால் 20 கிலோ கிடைக்கும். அதில் 5 கிலோவை விதைக்கு ஒதுக்கி, மீதியைச் சொன்ன முறையில் புழுக்கி அரைத்து, வாங்குவதாகச் சொன்னவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் சொன்ன விலையைக் கையில் தருகிறாரா என்று பார்த்த பிறகு, அடுத்த புரட்டாசிக்கு எவ்வளவு நிலம் என்பதை முடிவு செய்யலாம். தாளை மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போடாமல் குப்பைக்குழியில் தள்ளி மூடிவிடுங்கள்.